டிரமடால் போய் டேபென்டடால் வந்த கதை

2019-ல் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் ராத்திரி. மருந்துச் சீட்டின் கடைசி வரியில் டிரமடால் 50 மில்லிகிராம். வலி தாங்காவிட்டால் ராத்திரிக்கு ஒன்று, ஐந்து நாளைக்கு. மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். மூன்றிலும் இல்லை. நாலாவது கடைக்காரர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், டிரமடால் நாங்க வைக்கிறதில்ல. என்டிபிஎஸ் பாருங்க, ரெஜிஸ்டர், கணக்குன்னு ஒரே தொல்லை. டேபென்டடால் இருக்கு, தரட்டுமா? இதைவிட நல்லாவே கேட்கும்."

அவர் சொன்னது மருத்துவ ரீதியில் உண்மைதான். டேபென்டடால் டிரமடாலைவிட வலுவான ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து. இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே ஜெர்மன் நிறுவனம், குருனென்தால். வலு குறைந்த மருந்து கடையில் இல்லாமல் போய், வலு கூடிய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எப்படி நேர்ந்தது? அதற்கு ஓர் அரசிதழ் அறிவிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

2018 ஏப்ரல் 26. மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை டிரமடாலை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், அதாவது எல்லோரும் சொல்லும் என்டிபிஎஸ் சட்டத்தின் கீழ், மனமயக்கப் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சட்டத்தின் 3-வது பிரிவு, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அமைச்சகத்தையும் கவனியுங்கள்: சுகாதாரம் இல்லை, நிதி. ஆங்கிலேயர் காலத்து அபின் வருவாயின் மிச்சம் இது. இன்றைக்கும் போதைப்பொருள் சட்டத்தின் சாவி வருவாய்த் துறையின் இடுப்பில்தான் தொங்குகிறது.

அதற்கு முன்பும் டிரமடால் கட்டுப்பாடே இல்லாமல் இருந்ததில்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்1 என்ற மருந்து விதிப் பட்டியலில் அது இருந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடைமுறை எப்படி இருந்தது என்பது மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும். என்டிபிஎஸ் பட்டியலில் சேர்ந்ததும் மாத்திரை அட்டையின் இடது மேல் மூலையில் இருந்த சிவப்பு 'ஆர்எக்ஸ்' சிவப்பு 'என்ஆர்எக்ஸ்' ஆனது. ஓர் எழுத்துதான் கூடியது. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் பத்து வருட சிறை நிற்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால்தான் மூன்று கடையில் இல்லை.

அரசு ஏன் இதைச் செய்தது? பஞ்சாபின் போதைப் பிரச்சினை ஒரு காரணம் என்றால், வெளிநாட்டுக்குப் போன கடத்தல் இன்னொரு காரணம்.

2017 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் மூன்று கன்டெய்னர்களில் 3 கோடியே 70 லட்சம் டிரமடால் மாத்திரைகள் பிடிபட்டன. சரக்குப் பட்டியலில் போர்வை, ஷாம்பு என்று எழுதியிருந்தது. இந்தியாவில் செய்த மாத்திரை, இலங்கையில் கப்பல் ஏறி லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே வருடம் நவம்பரில் ஜோயா டாவ்ரோ துறைமுகத்தில் இன்னொரு 2 கோடியே 40 லட்சம். பத்திரிகைகள் 'ஐஎஸ் தீவிரவாதிகளின் மாத்திரை' என்று தலைப்புப் போட்டன. அந்தத் தலைப்பு நன்றாக விற்றிருக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் இதை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. மூட்டை தூக்குகிறவர், ராத்திரி லாரி ஓட்டுகிறவர், தங்கச் சுரங்கத்தில் குனிந்து மண் அள்ளுகிறவர். களைப்புத் தெரியாமல் இன்னும் நாலு மணி நேரம் வேலை பார்க்க ஒரு மாத்திரை. நைஜீரியாவின் 2018 தேசியக் கணக்கெடுப்பில் மருத்துவக் காரணமில்லாமல் ஓபியாய்டு மாத்திரை எடுத்தவர்கள் 46 லட்சம் பேர். நம் ஊர்க் கடையில் 50, 100 மில்லிகிராமில் இருக்கும் மருந்து அங்கே 225 மில்லிகிராமில் விற்றது. உலக அளவில் பிடிபட்ட டிரமடால் 2010-ல் 10 கிலோவுக்கும் குறைவு; 2017-ல் 125 டன் என்கிறது ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம்.

இதில் ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக முடியவில்லை. 2013-ல் கேமரூன் நாட்டு மரம் ஒன்றின் வேரில் இயற்கையாகவே டிரமடால் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் மனிதன் செய்த மருந்தை மரம் முன்பே செய்து வைத்திருக்கிறது என்று எல்லோரும் வியந்தார்கள். அடுத்த வருடமே வேறொரு குழு போய்ப் பார்த்தது. விஷயம் வேறு. அங்கே விவசாயிகள் வெயிலில் உழைக்கத் தாங்களும் டிரமடால் விழுங்கி, ஏர் இழுக்கும் மாடுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சாணமும் மூத்திரமும் மண்ணில் ஊறி வேருக்குள் ஏறியிருக்கிறது. ஒரு மாத்திரை ஒரு நாட்டுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஆக, இந்தியா ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. செய்ததில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதே 2018 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு டிரமடாலை சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று முடிவெடுத்தது. மார்ஃபின் கிடைக்காத நாடுகளில் வலிக்கு ஓரளவு கேட்கும் ஒரே மருந்து இதுதான். இதையும் பூட்டினால் நோயாளி என்ன செய்வார் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை வெறும் ஏட்டுக் கவலை அல்ல என்பதற்கு இந்தியாவே சாட்சி. 1985-ல் என்டிபிஎஸ் சட்டம் வந்த பிறகு, மருத்துவத்துக்கு மார்ஃபின் வாங்கக்கூட நாலைந்து உரிமங்கள், வேறு வேறு துறைகளில், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. பல ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டுவிட்டன. 1997-ல் நாடு முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோவாகச் சுருங்கியது. உலகத்துக்கே அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டில் புற்றுநோயாளி வலியில் துடித்தார். கேரளத்தில் வலி தணிப்பு மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014 திருத்தத்தில்தான் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று தனி வகை வந்து, ஒரே உரிமம் போதும் என்றானது.

சரி, அறிவிக்கைக்குள் வருவோம். நடுவில் இரண்டு எண்கள் இருக்கின்றன: 5 கிராம், 250 கிராம். முதலாவது 'சிறிய அளவு', இரண்டாவது 'வணிக அளவு'. சிறிய அளவோடு பிடிபட்டால் அதிகபட்சம் ஒரு வருடம். வணிக அளவென்றால் குறைந்தபட்சம் பத்து வருடம், இருபது வரை போகலாம், ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பத்து வருடம் வரை.

கிராம் என்றால் எந்த கிராம்? மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடையா, மாவும் பசையும் சேர்ந்த மொத்த எடையா? 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சுத்தமான போதைப்பொருளின் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கலந்திருக்கும் மற்ற பொருளும் சேர்த்து மொத்த எடைதான் என்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிகிராம் டிரமடால் காப்ஸ்யூல். உள்ளே இருக்கும் பொடி மொத்தம் கால் கிராம் என்று வைத்துக்கொள்வோம். மருந்தை மட்டும் எடை போட்டால் 5 கிராமுக்கு 100 காப்ஸ்யூல் வேண்டும். பொடியை எடை போட்டால் 20 போதும். அதாவது பத்து பத்தாக இரண்டு அட்டை. மூன்றாவது அட்டையைச் சட்டைப்பையில் வைத்த இளைஞன் சிறிய அளவைத் தாண்டிவிட்டான். தினமும் எட்டு, பத்து விழுங்கும் நிலைக்குப் போனவனுக்கு மூன்று அட்டை என்பது மூன்று நாள் சரக்கு. அவன் வியாபாரி இல்லை, நோயாளி. மறுபக்கம், முறையான சீட்டு இருக்கும் நோயாளி 100 மாத்திரை வரை சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. சீட்டு ஒரு காகிதம்தான், ஆனால் அந்தக் காகிதத்துக்கு அவ்வளவு கனம்.

இந்த எடைக் கணக்கு ஏன் வக்கீல்களின் விவகாரம் மட்டுமல்ல என்று சொல்கிறேன். என்டிபிஎஸ் சட்டம் தண்டனைச் சட்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதற்குள்ளேயே சுகாதாரத்துக்கு மூன்று கதவுகள் உண்டு. 71-வது பிரிவு, அரசு சிகிச்சை மையங்கள் அமைக்கலாம் என்கிறது. 39-வது பிரிவு, சிறிய குற்றத்தில் சிக்கிய போதை அடிமையை நீதிபதி சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்கிறது. 64ஏ பிரிவு இன்னும் தாராளம்: தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேருகிறவர் மேல் வழக்கே வேண்டாம் என்கிறது. ஆனால் கடைசி இரண்டு கதவும் உபயோகித்த குற்றத்துக்கும் 'சிறிய அளவு' குற்றத்துக்கும் மட்டுமே திறக்கும். எடை போடும் முறை மாறியதும் கதவின் அகலம் குறைந்துவிட்டது. நான் படித்த விவாதங்களில் ஹீரா சிங் தீர்ப்பைப் பெரிய கடத்தல்காரர்களோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். மூன்றாவது அட்டைக்காரனைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அப்புறம், டேபென்டடால்.

2018 அறிவிக்கை ஒரே ஒரு மூலக்கூறின் பெயரைச் சொன்னது. டேபென்டடால் அதே குடும்பம், அதே வேலை. டிரமடால் கல்லீரலுக்குள் போய் வேறொன்றாக மாறிய பிறகுதான் ஓபியாய்டாக முழு வேகத்தில் வேலை செய்யும். டேபென்டடாலுக்கு அந்தத் தாமதம்கூட இல்லை. அமெரிக்காவில் அது கடையேறும்போதே மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள இரண்டாம் பட்டியலில் இருந்தது. டிரமடால் அங்கே 2014-ல் நாலாம் பட்டியலுக்குத்தான் வந்தது. எது வலுவானது என்று அவர்களுடைய பட்டியலே சொல்கிறது. இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது. மருத்துவர் சீட்டு வேண்டிய சாதாரண மருந்தாக டேபென்டடால் வெளியே நிற்க, டிரமடால் மட்டும் என்டிபிஎஸ்-க்குள் போனது.

விளைவைத் தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'வலி நிவாரணி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசி மூலம் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் கைது' என்ற செய்தி சென்னையிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த 'வலி நிவாரணி' பெரும்பாலும் டேபென்டடால். விழுங்கச் செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர மாவு, டால்க், ஒட்டுப்பொருள் எல்லாம் உண்டு. வயிற்றுக்குள் போனால் அவை பாட்டுக்கு வெளியேறும். ரத்தத்துக்குள் போனால் கரையாது. ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலின் நுண்குழாய்களில் போய் உட்காரும். ஊசி போட்ட இடம் கட்டிப்பட்டுச் சீழ் வைக்கும். ஓர் ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி.

போலீஸ் பிடித்தால் என்ன வழக்குப் போடுவது? என்டிபிஎஸ் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம். உரிமம் இல்லாமல் விற்றால் அதில் மூன்று முதல் ஐந்து வருடம் சிறை உண்டு. ஆனால் 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அந்தச் சட்டத்தின் நாலாம் அத்தியாயக் குற்றங்களுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது; மருந்து ஆய்வாளர் போன்ற, சட்டம் குறிப்பிடுகிறவர்கள்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பு சட்டப்படி சரியானதே. ராத்திரி பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பையோடு ஒருவனைப் பிடித்த ஏட்டய்யாவுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. அந்த நேரத்தில் மருந்து ஆய்வாளர் எங்கிருந்து வருவார்? பஞ்சாபில் சில மாவட்ட நிர்வாகங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு டேபென்டடால், நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் இரண்டின் விற்பனைக்குத் தாங்களே உத்தரவு போட்டுக் கட்டுப்பாடு வைத்தன. மாவட்ட எல்லையைத் தாண்டினால் உத்தரவு செல்லாது.

ஏற்றுமதியிலும் இதே கதைதான் நடந்தது. 2025 பிப்ரவரியில் பிபிசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. மும்பை நிறுவனம் ஒன்று டேபென்டடாலையும் தசை தளர்த்தும் கரிசோப்ரடால் மருந்தையும் ஒரே மாத்திரையில் கலந்து கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் கலவைக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி இல்லை. கரிசோப்ரடாலை ஐரோப்பா 2007-லேயே வேண்டாம் என்று ஒதுக்கியது. கானாவின் டமலே நகரத்தில் ஊர்க்காரர்களே குழு அமைத்துத் தெருத் தெருவாகப் போய் மாத்திரை விற்பவர்களைப் பிடித்தார்கள். செய்தி வெளியான அதே வாரத்தில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தந்த அனுமதிகளைத் திரும்பப் பெறச் சொன்னார். கடிதம் ஒரு நாளில் வந்துவிடும் என்றால், 2018-க்குப் பிறகு ஏழு வருடம் எதற்காகக் காத்திருந்தார்கள்?

பெயர் பெயராகத் துரத்தும் இந்த வேலை இந்தியாவின் நோய் மட்டும் இல்லை. அமெரிக்கா ஃபென்டனில் என்ற மிக வலுவான ஓபியாய்டை ஒத்த மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்து களைத்துப்போய், 2018-ல் குடும்பம் முழுவதையும் தற்காலிகமாகத் தடை செய்தது. 2019-ல் சீனாவும் அப்படியே செய்தது. 2025 ஜூலையில் அமெரிக்கா அதை நிரந்தரச் சட்டமாக்கியது. அதற்குள் ஃபென்டனில் குடும்பத்தில் சேராத நிட்டாஸீன்கள் என்ற வேறு ஓபியாய்டுகள் வந்துவிட்டன. அவை 1950-களில் கண்டுபிடித்துக் கைவிட்ட பழைய சரக்கு. வகையாகத் தடை செய்தாலும் வகைக்கு வெளியே ஒருவன் காத்திருக்கிறான்.

அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது தடைப் பட்டியலின் நீளம் இல்லை. அளவு மீறி ஒருவன் மூச்சுத் திணறும்போது பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்பது. ஓபியாய்டு மூச்சை நிறுத்தித்தான் கொல்லும். உதடு நீலம் பாயும், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், தட்டி எழுப்பினால் எழ மாட்டான். நலாக்சோன் என்ற மாற்று மருந்து நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும். டிரமடாலில் முழுப் பலன் இருக்காது என்றாலும் கொடுப்பது நல்லது. அமெரிக்கா 2023 மார்ச்சில் அதை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டில்லாமல் கடையில் விற்க அனுமதித்தது. நம் ஊரில் அது ஆஸ்பத்திரி ஊசி. இன்னொன்று: 2007-ல் நியூ மெக்சிகோ மாநிலம், போதையில் விழுந்தவனுக்காக ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர் மேல் போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போடக் கூடாது என்று சட்டம் போட்டது, பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. என்டிபிஎஸ் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. உபயோகித்ததற்கே 27-வது பிரிவில் ஆறு மாதம் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஊசி போட்டு ஒருவன் சாய்ந்தால், மற்ற மூன்று பேரும் 108-க்குப் போன் போடுவார்களா, ஓடுவார்களா?

விழிப்புணர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ல் மத்திய அரசு 272 மாவட்டங்களில் போதையில்லா இந்தியா இயக்கத்தைத் தொடங்கியது. 14446 என்ற உதவி எண் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி போகிறார்கள். பதாகையில் வரைந்திருப்பது என்ன என்று பார்த்திருக்கிறீர்களா? மண்டை ஓடு, சிகரெட், கஞ்சா இலை. மாத்திரை அட்டையை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. மருந்தாகச் செய்த ஓபியாய்டுகளை எடுப்பவர்கள் மக்களில் கிட்டத்தட்ட 1 சதவீதம், ஹெராயினுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று அது சொன்னது. மகன் பையில் கஞ்சா இருந்தால் மோப்பம் பிடிக்கும் அம்மாவுக்கு, வெள்ளி அட்டையில் பத்து மாத்திரை இருந்தால் தலைவலிக்கு வாங்கியிருப்பான் என்றுதான் தோன்றும்.

எங்கள் வீட்டிலும் ஓர் அட்டை இருந்தது. அன்றைக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். "சரி, இருக்கிறதைக் குடுங்க, குறைஞ்ச டோஸா பாத்து வாங்குங்க" என்றார். அம்மா நாலு ராத்திரி போட்டார், வலி அடங்கியது, மீதி ஆறு மாத்திரை அலமாரியில் தங்கிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. காலாவதி ஆகியும் அங்கேயே கிடந்தது. 2025-ல் மத்திய மருந்துத் தர அமைப்பு, உபயோகிக்காத மருந்துகளை எப்படி ஒழிப்பது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வேறு யார் கையிலும் கிடைத்தால் ஆபத்து என்பதால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டியவை என்று 17 மருந்துகள் அதில் இருக்கின்றன. ஃபென்டனில், மார்ஃபின் எல்லாம் உண்டு. கீழே போகப் போக டேபென்டடாலும் இருந்தது, டிரமடாலும் இருந்தது. இரண்டும் ஒரே அரசுப் பட்டியலில் சேர்ந்து வந்ததை நான் பார்த்தது அதில்தான். ஆறையும் எண்ணிக் கழிப்பறையில் போட்டேன்.